வியர்க்காத ஐஸ்

1

எனக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. தவறு செய்தவர் தன் தவறைத் தானே எழுதித் தருவதற்கும் ஒன்று உண்டு என்பது போன வாரம்தான் தெரிந்தது. 'என்ன நடந்தது' என்பதற்கு ஆறு கோடு. 'ஏன் நடந்தது' என்பதற்கு நான்கே கோடு. முதல் கேள்விக்கு எழுதிவிட்டேன். இரண்டாவதற்கான பதில் ஓசூரில், தளி ரோட்டில், ஒரு ரோஜாப் பண்ணையின் குளிர் அறையில் தொடங்குகிறது. அதை டச்சு மொழியில் நான்கு கோட்டுக்குள் அடக்க என்னால் ஆகவில்லை. 'பழைய வேலைப் பழக்கம்' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, மீதியை உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு எதையும் முழுசாகச் சொன்னால்தான் திருப்தி.

நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் கணவர் முனிராஜ், ஓசூரில் பசுமைக்குடில் பொருத்த வந்த டச்சுக்காரர்களோடு வேலை செய்து பழகி, அந்தப் பழக்கத்திலேயே இங்கே வந்து சேர்ந்தவர். நான் ஓர் உதவி அமைப்பின் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். சண்டை நடக்கும் இடங்களுக்கும், வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம்களுக்கும் இங்கிருந்து மருந்து போகிறது. எந்த ஊருக்குப் போகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது. வழியில் யாராவது மறித்துப் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்கள்.

ஏன், ஏன் என்று கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் கேட்டேன். பெட்டி ஏன் இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது? லாரி நின்றுபோகும் இடத்திலிருந்து இரண்டு பேர் கையால் தூக்கி நடக்க வேண்டியிருக்கும். கத்தரிக்கோலை ஏன் பஞ்சோடு வைக்காமல் தனியாகக் கட்டுகிறோம்? சோதனைச் சாவடியில் பெட்டியைக் கிளறினால் அது ஒன்றுக்காக மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் மேற்பார்வையாளர் மரைக்கா, மருந்தாளுநர் படிப்பு படித்த பெண்மணி, ஒருநாள் கேட்டே விட்டார்: "நீ வேலைக்கு வருகிறாயா, பரீட்சைக்குப் படிக்கிறாயா?" இரண்டும்தான் என்றேன்.

இத்தனை கேட்டவள் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்று. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அது.

2

தளி ரோட்டுப் பண்ணையில் ஏழு வருடம் பேக்கிங்கில் இருந்தேன். பிப்ரவரி காதலர் தின சீசன் என்றால் உங்களுக்குத் தெரியும். ஜனவரி கடைசி இரண்டு வாரம் யாருக்கும் லீவு கிடையாது. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், அஞ்செட்டி மலைப்பக்கம் வரை வேன் போய்ப் பெண்களை அள்ளிக்கொண்டு வரும். குளிர் அறையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மொட்டு விரியாத ரோஜாவை எண்ணி, காகிதம் சுற்றி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, நடுவில் ஐஸ் பேக் வைத்து மூட வேண்டும்.

சூப்பர்வைசர் நஞ்சப்பா அண்ணன். டிரைவரிடம் கன்னடம், தோட்டத்து ஆட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று மூன்றிலும் திட்டக்கூடியவர். அவருடைய கோபம் எல்லாம் ஐஸ் பேக்கின் மேல்தான். ஒரு பேக் கொஞ்சம் இளகியிருந்தாலும் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்.

"கல்லாட்டம் இருக்கணும்மா. வேர்த்துப் போனத வெச்சீன்னா ஏர்போர்ட்டு போறதுக்குள்ள பூவு வாயத் தொறந்துரும். அப்பறம் அத யாரு வாங்குவாங்க, உங்க மாமியாரா?"

ஃப்ரீசரிலிருந்து எடுத்து, எடுத்த சூட்டோடு பெட்டிக்குள் போய்விட வேண்டும். (ஐஸை எடுத்த சூட்டோடு என்று சொல்வது எங்களுக்கு அங்கே வேடிக்கையாகவே இருந்ததில்லை.) வெளியே வெள்ளைப் பொடி பூத்திருக்கும்; கையுறையில் ஈரம் படாது. ஈரம் பட்டால் வேலை சுத்தமில்லை என்று அர்த்தம். ஏழு வருடம் என் கை அதைத்தான் படித்தது.

இங்கே வந்து தடுப்பூசிப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டபோது, குளிர் அறை, ஐஸ் பேக், விமான நேரம் எல்லாம் பார்த்துவிட்டு எனக்கு ஒரே சந்தோஷம். ரோஜாவுக்குப் பதில் மருந்துப் புட்டி, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் இங்கே ஐஸ் பேக்கை எடுத்து மேசைமேல் பரப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். வெளியே வியர்க்க வேண்டும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள். என்னோடு வேலை செய்யும் இத்ரிஸ் ஒவ்வொரு பேக்கையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு "பேசுது" என்பார். பேசிய பேக்கை மட்டும் நான் வாங்கி அடுக்குவேன். அவர் சூடானிலிருந்து வந்தவர், முப்பது வயதிருக்கும். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் நிதானமான மனிதர். என் டச்சும் அவர் டச்சும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் மொழிப் பிரச்சினை வந்ததே இல்லை.

இதுதான் முறை என்றார்கள்; செய்தேன். ஏன் என்று கேட்கவில்லை. சும்மா ஜாக்கிரதை உணர்ச்சி, வெள்ளைக்காரர்கள் எதையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுத்தான் செய்வார்கள் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

3

போன வாரம் வியாழக்கிழமை இத்ரிஸ் விடுப்பு. குடியேற்ற அலுவலகத்தில் அவருக்கு நேர்காணல். அவருடைய பிறந்த தேதி காகிதங்களில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. முகாமில் பதிவு செய்தவர்கள் தேதி தெரியாத எல்லோருக்கும் அதையே எழுதினார்களாம். இந்த அலுவலகத்தில் அதைப் பற்றி நான்காவது முறையாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். எனக்கும் தாள்களில் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதியது. அதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார்.

அன்று எட்டுப் பெட்டி கட்ட வேண்டும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கைக்குழந்தைகளுக்குப் போடும் ஊசி. ஒவ்வொரு பெட்டியிலும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கான மருந்து. ஐந்து மணிக்கு லாரி என்று சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிக்கு மரைக்கா ஓடிவந்தார். அங்கே விமானம் இறங்க அனுமதித்த நேரத்தை மாற்றிவிட்டார்கள், லாரி ஒரு மணிக்கே வருகிறது, இதை விட்டால் அடுத்த விமானம் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். சொல்லிவிட்டு அவர் சுங்கத் தாள்களோடு மாடிக்கு ஓடினார்.

மேசைமேல் பரப்பியிருந்த பேக்குகள் ஆறு பெட்டிக்கு வந்தன. ஒவ்வொன்றாக ஆட்டி, கேட்டு, அடுக்கினேன். அதற்கே பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஃப்ரீசரைத் திறந்தேன். அதற்குப் பிறகு நான் யோசித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கை தன்பாட்டில் வேலை செய்தது. லாரி வாசலில் நிற்கும்போது பெட்டி தயாராக இருந்தது. நஞ்சப்பா அண்ணன் இருந்திருந்தால் மெச்சியிருப்பார் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கச்சிதமாக முடித்திருந்தேன்.

மூன்று மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கைபேசியை எடுக்கப் போனபோது வேலைக் கையுறை கையில் தட்டுப்பட்டது. காய்ந்திருந்தது. எங்கள் வேலை முடிந்தால் கையுறை பிழியும்படி இருக்கும். தினமும் வீட்டில் கொடியில் போட்டுத்தான் காய வைப்பேன். சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தேன், அது ஈரம். அப்படியானால் முதல் ஆறு பெட்டி சரி. ஆறாவது முடிந்ததும் கையுறை நனைந்துவிட்டதென்று புது ஜோடி மாற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்தப் புது ஜோடிதான் இது. இரண்டு பெட்டி கட்டியும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

4

வீட்டில் மகள் நிவேதா இருந்தாள். பதினைந்து வயது. என்னோடு தமிழில் பேசுவாள், ஆனால் அவசரம் என்றாலோ கோபம் என்றாலோ டச்சுக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்து நண்பர்கள் வந்தால் நான் அறைக்குள் இருந்தால் நல்லது என்று நினைப்பவள். அதை அவள் சொன்னதில்லை, எனக்கே தெரியும்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் கிடங்கின் செய்முறைப் புத்தகத்தைக் கைபேசியில் தேடிப் படித்திருந்தேன். நான்கு வருடமாக என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புத்தகம். அந்த மருந்து சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து இளகிய புட்டியைப் பார்த்தால் நல்ல புட்டி மாதிரியேதான் இருக்கும். ஊசி போடலாம், குழந்தை அழும், அட்டையில் குறிப்பார்கள். நோய் வந்தால் தடுக்காது.

"உனக்கு நல்லாத் தெரியுமாம்மா, அது கல்லாத்தான் இருந்துச்சுன்னு?"

"நல்லான்னு எப்பிடிச் சொல்றது. கையுறை காஞ்சிருக்குது. அவ்ளோதான் தெரியும்."

"போன் பண்ணினா என்ன ஆகும்?"

"ரெண்டு பெட்டியும் எறக்கிருவாங்க. நான் நெனச்சது தப்பா இருந்தா, நல்ல மருந்து ப்ளைட்ட விட்டுரும்."

"பண்ணலைன்னா?"

"அங்க போயித் தொறப்பாங்க. உள்ள சின்னதா ஒரு மெஷின் இருக்குது, ஒறஞ்சிருந்தா பெருக்கல் குறி காட்டும். அதப் பாத்தாங்கன்னா தூக்கிப் போட்ருவாங்க. அவசரத்துல பாக்கலைன்னா புள்ளைங்களுக்குப் போட்ருவாங்க."

பிறகு அவள், "உன் கான்ட்ராக்ட் அடுத்த மாசம் இல்ல?" என்றாள். அது அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் தற்காலிக ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

மரைக்காவை அழைத்தேன். அவர் எடுத்ததும் என் டச்சு என்னைக் கைவிட்டது. பெட்டி, ஐஸ், காய்ந்த கை என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களாக வந்தன. நிவேதா என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, தெளிவாக, ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள். என் அம்மா ஒரு தவறு செய்துவிட்டார், ஏழாம் பெட்டியையும் எட்டாம் பெட்டியையும் நிறுத்துங்கள். நான் பெற்ற மகள் வாயால் என் தவறைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றும் அதே நேரத்தில் தோன்றியது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"மத்த ஆறும் நிச்சயமான்னு கேக்கறாங்கம்மா."

"நிச்சயம். சட்டக் கை நனஞ்சிருக்குதுன்னு சொல்லு."

அதையும் அப்படியே சொன்னாள். மரைக்கா அதை ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். விமான நிலையச் சரக்குக் கூடத்திலேயே இரண்டு பெட்டியை இறக்கிவிட்டு, ஆறு மட்டும் பறந்தது.

5

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் பெட்டிகளைத் திறந்தார்கள். ஏழில் பெருக்கல் குறி. எட்டிலும் பெருக்கல் குறி.

மரைக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏன் கெடுகிறது என்று பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். இந்த நிலையிலும் எனக்குப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை. ஒரு நல்ல புட்டியையும் எட்டாம் பெட்டிப் புட்டியையும் இரண்டு கையில் பிடித்துக் குலுக்கி மேசையில் வைத்தார். இரண்டும் கலங்கிய பால் நிறம். காத்திருந்தோம். நல்ல புட்டி கலங்கியபடியே இருந்தது. மற்றதில் வெள்ளைத் துகள் மெல்ல இறங்கி அடியில் உட்கார, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. இப்படிப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். வெயிலில் தாய்மார் வரிசை நிற்கும் இடத்தில் யார் இப்படிக் காத்திருப்பார்கள்?

அன்று கெலமங்கலத்துக்கு போன் போட்டு அண்ணியிடம் பேசினேன். அண்ணி கிராம சுகாதாரச் செவிலியர். கல்யாணத்துக்கு முன் நானும் அவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். காலையில் நான் பண்ணை வேனில் ஏறுவேன். புதன்கிழமைகளில் அவர் நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அஞ்செட்டி பஸ்ஸைப் பிடிப்பார், மலைக் கிராமத்துக் குழந்தைகளுக்கு ஊசி போட.

"ஏ மஞ்சு, ஐஸ் பேக்க வேர்க்க வுட்டுத்தானே வெப்போம். இது தெரியாதா உனக்கு?"

"நீங்க எப்ப அண்ணி சொன்னீங்க?"

"நீ எப்ப கேட்ட? ஆஸ்பத்திரில அத மேசமேல பரப்பி வெச்சுட்டு நிக்கறதாலதான் எனக்கு மொத பஸ்ஸே தவறிப்போகும். வாராவாரம் எங்கிட்ட அண்ணி ஏன் லேட்டுன்னு சிரிச்சவ நீ."

உண்மைதான். சோற்றுத் தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அன்றைக்கு எத்தனை பெட்டி என்றும், அவர் எத்தனை குழந்தை என்றும் சொல்லிக்கொள்வோம். ஒரே ஐஸை ஒருத்தி கல்லாகவும் ஒருத்தி இளகவைத்தும் கையாண்டோம் என்பது இருவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஏன் என்று கேட்பதாகப் பெருமை அடித்துக்கொண்டவள், வீட்டுக்குள் இருந்த ஆளிடம் கேட்டதில்லை.

சனிக்கிழமை முகாமிலிருந்து செய்தி வந்தது. ஆறு பெட்டியும் நல்லபடியாக வந்தன, குறி சரியாக இருக்கிறது, மருந்து போதாமல் கடைசி இரண்டு குடியிருப்புக்காரர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டோம், அடுத்த விமானத்துக்குச் சொல்லிவிடுகிறோம் என்று அங்கிருந்த செவிலியர் எழுதியிருந்தார். எத்தனை தூரம் நடந்து வந்தார்கள் என்று அவர் எழுதவில்லை. என் ஒப்பந்தம் என்னவாகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. படிவம் தண்டிக்க அல்ல, முறையைச் சரிசெய்ய என்கிறார் மரைக்கா. இனி பேக்கை ஆட்டிப் பார்ப்பவரும் அடுக்குபவரும் எப்போதும் இரண்டு ஆள்களாகத்தான் இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

6

திங்கள்கிழமை இத்ரிஸ் வந்தார். நேர்காணலில் ஐந்தாவது முறை வரச் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் காலியாக இருந்த இரண்டு பெட்டியைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். மரைக்கா செய்துகாட்டியதையும் சொன்னேன். அழிப்பதற்காகத் தனியே வைத்திருந்த புட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்து, நானே குலுக்கி அவர்முன் வைத்தேன். துகள் இறங்குவதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இதைப் போட்ட குழந்தைக்குத் தொண்டை நோய் வருமா?"

"வரலாம். போட்டதும் போடாததும் ஒன்றுதான்."

"போட்டவருக்குத் தெரியாதா?"

"பார்த்தால் தெரியாது. நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும்."

"கூட்டிப்போன தாய்க்கு?"

"அவர்களுக்கு எப்படித் தெரியும், இத்ரிஸ்?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான்கு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் நான் கேட்டிராத ஒன்றை அவர் அப்போதுதான் சொன்னார். சூடானிலிருந்து எல்லை தாண்டி அவர்கள் ஒரு முகாமில் இருந்தபோது, கடைசித் தங்கைக்கு நான்கு வயதில் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று நாளில் போய்விட்டாள். அவள் பெயரை ஒரே ஒரு முறை சொன்னார். ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று மருத்துவக் கூடாரத்தில் சொன்னார்கள். மூன்று தடவையும் வரிசையில் நின்று போட்டேன் என்றார் அம்மா. அட்டை மழையில் நனைந்து மை ஓடிப்போயிருந்தது, காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்த நாட்களில் அம்மா தண்ணீருக்கும் விறகுக்கும் அலைந்துகொண்டிருந்தார். அதனால் போகாமல் விட்டுவிட்டு இப்போது பொய் சொல்கிறார் என்று இத்ரிஸ் முடிவு செய்தார். முகத்துக்கு நேராகச் சொல்லவும் சொன்னார். ஒன்பது வருடமாகிறது. அம்மா அந்த முகாமிலேயே இருக்கிறார், இவர் மாதம் ஒருமுறை பேசுகிறார். அந்தப் பேச்சு மட்டும் திரும்ப வந்ததே இல்லை.

மரைக்கா படியிறங்கி வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கவனமாகச் சொன்னார்: "காரணம் வேறாகவும் இருக்கலாம். நல்ல மருந்து போட்டும் சிலருக்கு வருவதுண்டு. இதுதான் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது."

"தெரியும்," என்றார் இத்ரிஸ். "அதை நான் கேட்கவில்லை. அம்மா மூன்று தடவையும் போயிருக்கலாம். இல்லையா?"

"போயிருக்கலாம்," என்றார் மரைக்கா.

இத்ரிஸ் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன்.

கைபேசியை எடுத்துக்கொண்டு அவர் லாரி நிற்கும் முற்றத்துக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. மூன்று முறை இணைப்பு கிடைக்காமல், நான்காவதில் கிடைத்தது. அவர் மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் மறுமுனையில் ஒரு பெண் குரல் இவரைப் பேசவே விடாமல் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. இவர் ம், ம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அங்கே குளிரா என்றுதான் கேட்டிருப்பார். அது முடியும்வரை இத்ரிஸ் காத்திருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தங்கையின் பெயரைச் சொன்னார்.